பட்டியலில் இல்லாத ஜன்னல்

இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களை வாங்கி விற்கிறவர்களுக்கு அரசாங்கத்தோடு அவ்வளவாகப் பழக்கம் ஏற்படுவதில்லை. அரசாங்கம் தன் கட்டடங்களை இடிப்பதில்லை; அவை தாமே விழுகிறவரை பொறுமையாக உட்கார்ந்திருக்கும். அதனால் நம் கடைக்காரர் நாற்பத்தொரு வயதுவரை எந்த அலுவலகத்தின் மாடிப்படியையும் ஏறாமல் நிம்மதியாகக் காலம் தள்ளிவந்தார். பிறகு அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மனைவி சொன்னாள்:

"முடிவு பண்ணிட்டேங்க. ஜன்னல்."

கடைக்காரருக்கு மனசு பாதி கடையில் இருந்தது. "எந்த சைஸ்?" என்றார்.

"சைஸ் இல்ல. பேரு. பொண்ணுக்குப் பேரு ஜன்னல்."

அவர் மனைவியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

"பதினாறு மணி நேரம் வலி. அந்த வார்டுல எனக்குத் துணை யாரு இருந்தா, சொல்லுங்க. நீங்க வெளியில பெஞ்சுல தூங்கிட்டீங்க. டாக்டர் வருவார், கடிகாரத்தைப் பார்ப்பார், போவார். அந்த ஜன்னல் ஒண்ணுதான் என்னோடவே இருந்துச்சு. எதிர்ல பஸ் நிறுத்துற இடம். ஒருத்தன் பஸ் கழுவிக்கிட்டிருந்தான். ஒண்ணு முடிச்சா அடுத்தது. அவனைப் பார்த்துப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன். அவன் ஏழாவது பஸ்ஸைக் கழுவும்போது இவ பொறந்தா. ஜன்னல் இல்லன்னா நான் செத்திருப்பேன்."

கடைக்காரர் தம் ஆயுளில் ஒன்பதாயிரம் ஜன்னல்களாவது விற்றிருப்பார். அதில் ஒன்றையாவது யாரேனும் நன்றியோடு நினைத்துப் பார்த்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. குழந்தையைக் குனிந்து பார்த்தார். அது கொட்டாவி விட்டது. நன்றாகத்தான் இருந்தது, பெயரும் கொட்டாவியும்.

சொந்தபந்தத்துக்கு அப்படித் தோன்றவில்லை. அவருடைய அக்கா, வந்த கால் செருப்பைக் கழற்றாமலே ஆரம்பித்தாள்.

"ஜன்னலா? அப்ப அடுத்த புள்ளைக்கு வாசக்காலா? தம்பி, உனக்கு இரும்புக் கடை இல்லையேன்னு சந்தோஷப்படுடா. இருந்திருந்தா உன் பொண்டாட்டி கடப்பாரைன்னு வச்சிருப்பா."

பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் அவ்வளவு கடுமையாக இல்லை. "பேரு நல்லாத்தாண்ணே இருக்கு," என்றார். "கம்பி வச்சதா, வைக்காததா?"

அக்கா விடவில்லை. "ஸ்கூல்ல வாத்தியார் 'ஜன்னல், எந்திரி'ன்னா வகுப்பே சிரிக்காதா?"

"சிரிக்கட்டும் அண்ணி," என்றாள் மனைவி. "சிரிச்சு முடிச்சதும் பழகிடும்."

அத்தோடு வீட்டில் விஷயம் முடிந்தது. அரசாங்கத்தில் இனிமேல்தான் ஆரம்பம்.

அந்த நாட்டில் குழந்தைகளின் பெயர்களைக் கவனித்துக்கொள்ளப் பெயர்ப் பொருத்த ஆணையம் என்று ஒன்று இருந்தது. மூன்று மாடி, நூற்று இருபது ஊழியர்கள். குழந்தை பிறந்து முப்பது நாளுக்குள் ஆணையம் ஒப்புக்கொண்ட ஒரு பெயரைப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஆணையமே தன் ஒதுக்கீட்டு வரிசையிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்துவிடும். அப்படி வைத்த பெயரைக் குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை தொட முடியாது. கடைக்காரர் ஒன்பதாம் நாளே போய் நின்றார். ஒரு பெயரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று கடையைப் பூட்டாமல் வந்திருந்தார்.

முகப்பில் இருந்த குமாஸ்தா, மூலைகள் மடங்கிய தடிமனான பட்டியல் ஒன்றை இரண்டு முறை புரட்டினார்.

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு பேர் இருக்கு. இது இல்ல."

"சேர்த்துக்க முடியாதுங்களா?"

"தாராளமா சேர்க்கலாம். ஏற்கெனவே யாருக்காவது இந்தப் பேர் இருந்தா."

"யாருக்கும் இல்லைங்க. அதனாலதானே புதுசா வைக்க வந்திருக்கேன்."

"அதனாலதான் சேர்க்க முடியாது," என்றார் குமாஸ்தா. கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிறவரின் குரல்தான்.

"அப்ப இந்தப் பட்டியல்ல இருக்கிற பேரெல்லாம் முதல்ல எப்படி சார் வந்துச்சு?"

"ஆணையம் ஆரம்பிச்ச அன்னிக்கு ஆபீஸ்ல இருந்தவங்க பேரு. அவங்க பொண்டாட்டி புள்ளைங்க பேரு. அப்புறம் அவங்க சொந்தக்காரங்க பேரு. எல்லாம் முறைப்படி வந்ததுதான்."

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். முப்பது நாளுக்குள் முடியாவிட்டால் கிடைக்கிற ஒதுக்கீட்டுப் பெயர் என்னவாக இருக்கும் என்று விசாரித்தார். குமாஸ்தா வேறொரு பேரேட்டைத் திறந்து விரலை ஓட்டினார்.

"பெண்பால்ல அடுத்தது... கட்டுப்பாட்டரசி."

"அதுக்கு முன்னாடி ஏதாவது?"

"போன வாரம்தான் இரட்டைக் குழந்தைங்களுக்குப் போச்சு. ஒண்ணு இணக்கச்செல்வி, இன்னொண்ணு ஒழுங்குநாயகி."

"பெத்தவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அழுதாங்க. குறிப்புல எழுதியிருக்கேன்."

"இந்தப் பேரு மட்டும் யாருக்கு சார் முன்னாடி இருந்துச்சு?"

"யாருக்கும் இல்ல. ஆணையமே யோசிச்சு வைக்கிற பேருக்கு எந்த விதியும் கிடையாது. விதி உங்களுக்குத்தான்." சொல்லிவிட்டுப் பெயர்ப் பொருத்த விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். இருபத்தேழு கேள்விகள். பதினொன்றாவது கேள்வி, இப்பெயரைக் குழந்தை ஏற்றுக்கொண்டதா என்றும், ஆம் எனில் சாட்சி யார் என்றும் கேட்டது. பத்தொன்பதாவது, குழந்தை பிற்காலத்தில் அமைச்சரானால் இப்பெயரால் அமைச்சகத்துக்கு இழுக்கு நேருமா என்றது. கடைக்காரர் பதினொன்றாவதுக்கு 'கொட்டாவி விட்டது' என்றும், பத்தொன்பதாவதுக்கு 'இதுவரை நேர்ந்ததைவிட அதிகமாக நேராது' என்றும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டுப்பாட்டரசியா? ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ள அழும்போது, 'என் கட்டுப்பாட்டரசி, பால் குடிடி'ன்னு கொஞ்ச முடியுமாங்க? வாய் வலிக்காதா?"

"இன்னும் இருபத்தோரு நாள் இருக்கும்மா."

"முப்பதாம் நாள் பேரோட வீட்டுக்கு வாங்க. இல்லன்னா வராதீங்க. கடையிலேயே ஒரு கதவைத் தரையில போட்டுப் படுத்துக்கங்க." அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

பதினான்காம் நாள் ஒலிச் சோதனைக்கு அழைப்பு வந்தது. ஆணையத்தில் ஒலி அலுவலர் என்று ஒருவர் உண்டு. கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருப்பார், மற்ற நேரங்களில் யாரோடும் பேசமாட்டார், தொண்டை அரசாங்கச் சொத்து. இரண்டாம் மாடி நடையின் ஒரு கோடியில் நின்று, பெயரை மூன்று விதமாகக் கூப்பிடுவது அவர் வேலை. முதலில் கொஞ்சலாக. அடுத்து அதட்டலாக. கடைசியாக, காணாமல் போன குழந்தைக்கான அறிவிப்பாக.

கொஞ்சலாகக் கூப்பிட்டபோது எதுவும் ஆகவில்லை. "ஜன்னல்" என்று அதட்டியதும், பதினைந்து வருஷமாக இடத்தைவிட்டு எழுந்திராத மூன்று பியூன்கள் எழுந்து ஓடி, அந்த மாடியில் இருந்த ஜன்னல்களையெல்லாம் சாத்தினார்கள். மூன்றாவதாக ஒலிபெருக்கியில், "ஜன்னலைக் காணவில்லை, கண்டவர்கள் தகவல் தரவும்" என்று அறிவித்தார். வரிசையில் நின்ற ஒருவர் நிமிர்ந்து, "எங்க வீட்லயும்தான் போன மாசம் ரெண்டைக் கழட்டிட்டுப் போயிட்டானுங்க, யாரு கேக்குறா," என்றார்.

அறிக்கை இப்படி இருந்தது: 'பெயர் உச்சரிக்கப்பட்ட மாத்திரத்தில் பணியாளர்கள் பணி செய்தனர். இது இவ்வலுவலகத்தின் வழக்கத்துக்கு முற்றிலும் மாறானது. பெயர் பதற்றம் விளைவிக்கக்கூடியது எனக் கருத இடமுண்டு.'

அதற்கடுத்து மாதிரி கேட்டார்கள். ஒரு பொருளின் பெயரைக் குழந்தைக்கு வைப்பதென்றால் அந்தப் பொருளில் ஒன்றை ஆணையத்தின் மூவர் குழுவின் முன் வைக்க வேண்டுமாம். கடைக்காரர் தம் சரக்கிலேயே நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இரட்டைக் கதவு, மேலே அரைவட்டமாக நீலக் கண்ணாடி, நூறு வருஷத்து மரம். தலையில் தூக்கிக்கொண்டு போனால் லிஃப்ட்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"சாமானெல்லாம் ஏத்தக்கூடாது."

"இது என் பொண்ணு பேருங்க."

"பேர் பாஸ் ஆகிடுச்சா?"

"அதுக்குத்தான் மேல கொண்டு போறேன்."

"பாஸ் ஆனதும் வாங்க, ஏத்துறேன்."

மூன்று மாடி ஏறி, குழுவின் அறைக்குள் ஜன்னலை இறக்கியபோது அவருக்கு மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கேயோ நின்றிருந்தது. அன்று இருபத்தோராம் நாள். அந்த அறையில் ஜன்னலே இல்லை. ஒரு டியூப் லைட் இருந்தது, அதுவும் யோசித்து யோசித்து எரிந்தது. கொண்டுபோன ஜன்னலைச் சுவரில் சாய்த்துக் கதவுகளைத் திறந்து வைத்தார். குழுவினர் மூவரும் அதன் வழியே சுவரைச் சிறிது நேரம் பார்த்தார்கள்.

மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஒருவர் மனநல உறுப்பினர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் தலைவர். வடிகால் துறையில் முப்பது வருஷம் இருந்து, அங்கே எதுவும் ஓடாமல் பார்த்துக்கொண்டதற்காக இங்கே உயர்த்தப்பட்டவர்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜன்னல்னு வகுப்புல கூப்பிட்டா என்ன ஆகும்? அத்தனை புள்ளைங்களும் வெளிய பார்க்கும். முப்பத்தாறு வருஷம் நான் ஒரு புள்ளையை வெளிய பார்க்க விட்டதில்ல. ரெண்டு தலைமுறையை அப்படி வளர்த்திருக்கேன். அந்த உழைப்பையெல்லாம் ஒரே பேர்ல கெடுக்கப் பார்க்கிறீங்க."

மனநல உறுப்பினர் ஒரு தாளைப் பார்த்துப் பேசினார். "ஜன்னல் என்பது திறந்த மனசுக்கு அடையாளம். திறந்த மனசு இருந்தா குழந்தை கேள்வி கேக்கும். கேள்வி கேக்குற குழந்தைக்கு என்கிட்ட சிகிச்சை இருக்கு, இல்லங்கல. ஆனா நோயை நாமளே கூப்பிட்டு வீட்டுல உக்கார வைக்கணுமா?"

தலைவர் இருவரும் முடிக்கிறவரை கண்ணை மூடிக் கேட்டார். அல்லது கண்ணை மூடியிருந்தார்.

"கடைக்காரரே, ஒண்ணு புரிஞ்சுக்கணும். பேருங்கிறது குழந்தைக்காக வைக்கிறதில்ல. குழந்தை பாட்டுக்கு அது எப்படியும் இருந்துட்டுப் போகும். பேரு படிவத்துக்காக வைக்கிறது. இன்னிக்கு உங்களுக்கு ஜன்னல்னு குடுத்தா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்குப் பிடிச்ச பேரை வைக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் நாங்க எதுக்கு?"

கடைக்காரருக்குப் பதில் தெரிந்திருந்தது. குழந்தையின் முகம் நினைவுக்கு வந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

'மேலும் பரிசீலனைக்காகத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது' என்று எழுதினார்கள். ஒத்திவைத்த தேதி எதுவானாலும் முப்பதாம் நாள் முப்பதாம் நாள்தான் என்பதைக் குமாஸ்தா அவருக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார்.

மற்ற இருவரும் போனபின் தலைவர் மட்டும் பின்தங்கினார். ஜன்னலின் சட்டத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நீலக் கண்ணாடியைத் தடவினார்.

"ஆபீஸ் விஷயம் வேற. இது என்ன விலை வரும்? வீட்ல மாடி கட்டுறேன்."

கடைக்காரருக்கு மனசு நொந்து போயிருந்தது. ஆனால் வாய் இருபது வருஷப் பழக்கத்தில் தானாக வேலை செய்தது; அசல் விலையைப்போல் இரண்டு மடங்கு சொன்னது. தலைவர் பதறினார். அநியாயம் என்றார். நடந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தார். கடைசியில் பாதிக்கு அடித்துப் பேசி, அதாவது சரியான விலைக்கு, வாங்கிக்கொண்டார். முகம் முழுக்க வெற்றி. நடையில் எதிர்ப்பட்ட பியூனை நிறுத்தி, "என்ன சொன்னான், எவ்வளவுக்கு முடிச்சேன் தெரியுமா," என்று சொல்லிக்கொண்டு போனதைக் கடைக்காரர் படிக்கட்டிலிருந்து கேட்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லச் சொன்னாள். தலைமையாசிரியை சொன்னது, மனநலம் சொன்னது, தலைவர் சொன்னது. ஜன்னல் விற்ற கதையைக் கேட்டதும் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அவர்கிட்ட என்ன விலை சொன்னீங்க?"

"ரெண்டு மடங்கு."

"ஏன் அசலைச் சொல்லல?"

"அசலைச் சொன்னா யாரு வாங்குவா? அதுலயும் பாதிக்குக் கேப்பாங்க. குறைச்சு வாங்கினாத்தான் அவங்களுக்குச் சாப்பிட்ட சாப்பாடு செரிக்கும்."

"ஒரு பழைய ஜன்னலுக்கு இவ்வளவு யோசிக்கிறீங்களே. பெத்த பொண்ணு பேருக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்புலயே அசல் விலையைச் சொன்னீங்க?"

இருபது வருஷமாகக் கடைக்காரர் வாழ்ந்த வாழ்க்கையை அவள் அவருக்கே திருப்பி விற்றுவிட்டாள், அதுவும் லாபத்துக்கு.

மறுநாள் காலை குமாஸ்தாவிடம் போய் நின்று, பெயரை மாற்றிக் கேட்கலாமா என்று விசாரித்தார். கேட்கலாம், அதற்குத் திருத்த விண்ணப்பம் என்று பெயர், விண்ணப்பத்தை ஒத்திவைக்கலாமே ஒழிய திருத்தத்தை ஒத்திவைக்க விதியில்லை, ஏழு நாளில் உட்கார்ந்து பேசி முடித்தாக வேண்டும் என்றார் குமாஸ்தா. புதுப் பெயர் என்ன என்று கேட்டு, எழுதப் போனவர் பேனாவை நிறுத்தினார்.

"தாழ்ப்பாளா?"

"ஆமாங்க."

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

இருபத்தொன்பதாம் நாள் கூட்டம். கடைக்காரர் மாதிரிப் பொருளைச் சாக்கிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றரை அடி நீள இரும்புத் தாழ்ப்பாள். ஏதோ கிடங்கிலிருந்து கழற்றியது. வைத்த சத்தத்தில் தலைமையாசிரியையின் டம்ளரில் தண்ணீர் ஆடியது.

"பொம்பளைப் புள்ளைக்கா இது?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. போன தடவை நீங்க மூணு பேரும் சொன்னது எனக்கு மனசுல தைச்சுடுச்சு. ஒரு வாரமா தூங்கல. திறந்திருக்கிறதுதான் எல்லாத் தப்புக்கும் காரணம்னு புரிஞ்சுது. அதான் மூடுற சாமானா ஒண்ணு பார்த்தேன். தாழ்ப்பாள்னு பேர் வச்சா புள்ள வெளிய பார்க்காது. கேள்வி கேக்காது. வச்ச இடத்துல இருக்கும்."

அவர் இதைச் சொன்னவிதம் அவ்வளவு பணிவாக இருந்தது. குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுத்துப் பேசலாம் என்றால், போன வாரம் தாங்களே பேசியதை மறுக்க வேண்டும்.

"கருத்து சரிதான்," என்றார் தலைமையாசிரியை மெதுவாக. "ஆனா பேரு கொஞ்சம்... கனமா இருக்கு."

"எடை ஒண்ணும் இல்லைங்க, துரு எடுத்துட்டா குறைஞ்சிடும்."

தலைவர் முன்னால் சாய்ந்தார். பேரம் பேசுகிற ஆசை யார் கண்ணில் எப்படி எட்டிப் பார்க்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும். "கொஞ்சம் இறங்கி வாங்க கடைக்காரரே."

"எவ்வளவு இறங்கணும்?"

"பட்டியல்ல நாலாயிரத்துக்கு மேல இருக்கு. பூங்கொடின்னு வைங்க. அழகா இருக்கு."

"ஐயா, தாழ்ப்பாள்னு கேட்டு வந்தவன்கிட்ட பூங்கொடியா? அடிமாட்டு விலையா இருக்கே." கொஞ்சம் யோசிப்பதுபோல் மேற்கூரையைப் பார்த்தார். "உங்க முகத்துக்காக ஒண்ணு பண்றேன். கீல்னு வச்சுக்கறேன். கதவுக்குக் கீல். அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"கீலெல்லாம் வேணாங்க," என்று முனகினார் மனநல உறுப்பினர்.

"அப்ப விடுங்க. தாழ்ப்பாளே இருக்கட்டும். மறுக்கிறதுன்னா எழுத்துல காரணத்தோட குடுங்க. திறந்த மனசுதான் நல்லதுன்னு குழு முடிவு பண்ணிச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா, நான் என் பாட்டுக்குப் போயிடுறேன்."

தாழ்ப்பாளை எடுத்துச் சாக்கில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். இந்த நடை அவர் ஆயிரம் தடவை பார்த்தது, வாங்க வந்தவர்கள் நடப்பது. அவர் நடப்பது இதுதான் முதல் தடவை. மூன்று அடிக்குள் கூப்பிட்டால் நல்ல வியாபாரம். ஐந்து அடிக்குள் கூப்பிட்டால் சுமாரான வியாபாரம். ஆறு அடியும் போய்விட்டால், போனவர் போனவர்தான், திரும்பி வந்தால் மரியாதை இல்லை.

மூன்றாவது அடியில் யாரும் கூப்பிடவில்லை. ஐந்தாவதிலும் இல்லை. நாளைக்கு முப்பதாம் நாள். அழுகிற குழந்தையைக் கட்டுப்பாட்டரசி என்று ஒரு வாய் எப்படிக் கூப்பிடும் என்பது அவருக்கு முதல்முறையாகக் காதில் கேட்டது. கையைக் கதவின் பிடியில் வைத்துவிட்டார். பிடியைத் திருப்பினார்.

"நில்லுங்க," என்றார் தலைவர். "நில்லுங்கய்யா. இப்படி முறுக்கிக்கிட்டா எப்படி? முதல்ல ஏதோ கேட்டீங்களே, அது என்னது?"

கடைக்காரர் திரும்பாமலே, "எதுங்க?" என்றார். திரும்பியிருந்தால் முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

"ஜன்னல். அதுக்கு என்ன குறைச்சல்?"

"அது வேணாங்க. அதுல மனசு விட்டுப்போச்சு."

"ஏன் விட்டுப்போகணும்?" என்றார் தலைமையாசிரியை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ஜன்னல்னா வெளிச்சம். வகுப்புக்கு வெளிச்சம் வேணாமா? நான் இருந்த ஸ்கூல்ல முப்பத்தாறு வருஷம் ஜன்னல் இருந்துச்சு. நானே எத்தனையோ நாள் பாடம் நடத்தும்போது வெளிய பார்த்திருக்கேன்."

"அதோட," என்றார் மனநல உறுப்பினர், அதே தாளைத் தேடி எடுத்து, "ஜன்னல் என்பது திறந்த மனசுக்கு அடையாளம். தாழ்ப்பாள் மூடிய மனசு. மூடிய மனசுக்கு என்கிட்ட சிகிச்சையே கிடையாது."

"வீட்ல ஒத்துக்க மாட்டாங்க," என்றார் கடைக்காரர். "தாழ்ப்பாள்னு சொல்லிக் கூப்பிட்டுப் பழகிட்டாங்க."

"நாங்க எழுதித் தரோம். ஆணையத்தோட பரிந்துரைன்னு. அதுக்கு முன்னுதாரணமும் வேணாம், ஒரு விதியும் வேணாம்." தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "கடைக்காரரே, எதுக்கு இந்த ஆணையம்னு வெளிய நாலு பேர் கேக்குறாங்க. இதுக்குத்தான். ஒரு மனுஷன் தன் குழந்தைக்கு எதை வேணாலும் வைப்பேன்னு வர்றான். நாங்க அவனை உக்கார வச்சு, பேசி, படிப்படியா இறக்கி, ஒரு நல்ல பேர்ல கொண்டு வந்து விடுறோம். நாங்க இல்லன்னா அந்தக் குழந்தையோட கதி? யோசிச்சுப் பாருங்க."

கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க முகத்தைத் தொங்கவிட்டார். கடைசியில், சொந்த நிலத்தை எழுதிக் கொடுக்கிறவரைப்போலப் பெருமூச்சு விட்டு, "உங்க இஷ்டம்," என்றார்.

ஆணை அங்கேயே தட்டச்சாயிற்று. பட்டியலில் நாலாயிரத்து நூற்றுப் பதிமூன்றாவது பெயராக ஜன்னல் சேர்ந்தது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் தலைவர் தம் பெயரைத் தம் கையாலேயே எழுதினார். சான்றிதழின் குறிப்புப் பகுதியில், 'தாழ்ப்பாள் எனப் பெயரிடக் கோரிய தந்தையின் பிடிவாதமான எதிர்ப்பையும் மீறி, குழந்தையின் நலன் கருதி ஆணையத்தால் சூட்டப்பட்டது' என்று இருந்தது.

கீழே குமாஸ்தா முத்திரை குத்திக் கொடுக்கும்போது கடைக்காரரின் முகத்தைப் பார்த்து இரங்கினார்.

"மனசை விட்டுடாதீங்க. பதினெட்டு வயசானதும் உங்க பொண்ணே வந்து தாழ்ப்பாள்னு மாத்திக்கலாம். அதுக்கு ஒரு படிவம் இருக்கு. இப்பவே வாங்கி வச்சுக்கங்க, அப்ப கிடைக்குதோ என்னவோ."

தோற்றுப்போன மனிதன் அந்தப் படிவத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டான். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கிடைக்கலையா?"

அப்போதுதான் அவருக்கு, முகத்தைத் தெரு முழுக்க அப்படியே வைத்துக்கொண்டு வந்தது தெரிந்தது. சான்றிதழை நீட்டினார். அவள் ஒரு தடவை படித்தாள். அப்புறம் குழந்தையின் காதருகே குனிந்து அந்தப் பெயரைச் சொன்னாள், சத்தமே இல்லாமல், உதடு மட்டும் அசைந்தது.

உள்ளேயிருந்து அக்கா வந்து சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டாள். குறிப்புப் பகுதியை விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். ஒரு தடவை நிறுத்தி, முத்திரையைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் மரியாதை மெல்லப் பரவியது.

"ஆணையமே கூடிப் பேசி வச்ச பேரா? அதானே பார்த்தேன். கேட்டாலே ஒரு லட்சணமா இருக்கே." குழந்தையைக் கையில் வாங்கி உயரத் தூக்கினாள். "ஜன்னலு... என் ஜன்னலுக் கண்ணு... உங்கப்பன் உனக்குத் தாழ்ப்பாள்னு பேர் வைக்கப் பார்த்தானாம்டி. வயசாச்சே தவிர அவனுக்கு விவரம் பத்தாது. நாலு பெரிய மனுஷங்க இருந்து காப்பாத்தினாங்க."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முதுகுக்குப் பின்னால் மனைவி தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அவள் கண்ணில் தண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக நின்றன.

"ஆமாக்கா," என்றார் கடைக்காரர், முகத்தை மறுபடியும் தொங்கப் போட்டுக்கொண்டு. "ஏதோ அந்த நேரத்துல புத்தி கெட்டுப்போச்சு."